இல்லவழிக் கல்வி: தொடங்குமுன் ஒரு குடும்பம் ஆயத்தம் செய்ய வேண்டியவை

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் இல்லத்திலேயே கற்பிக்கும் வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. இரவீந்திரநாத் தாகூர் பள்ளிகளில் மனம் ஒட்டாமல் பெரும்பாலும் வீட்டிலேயே ஆசிரியர்களிடம் பயின்றவர். பின்னாளில், 1901-ஆம் ஆண்டு, தம் எண்ணத்துக்கு இசைந்த பள்ளியொன்றைச் சாந்திநிகேதனில் தாமே தொடங்கினார். காந்தியடிகள் 1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடும்பத்துடன் டர்பன் நகரை அடைந்தபோது, அவருடைய தமக்கையின் பத்து வயது மகனும், ஒன்பதும் ஐந்தும் வயதான புதல்வர் இருவரும் உடன் இருந்தனர். ஐரோப்பியர்களுக்கான பள்ளியில் அவர்களுக்குச் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்குக் கிட்டாத சலுகையை ஏற்க அவர் மனம் ஒப்பவில்லை. மாதம் 7 பவுண்டு ஊதியத்தில் ஆங்கிலேய ஆசிரியை ஒருவரை அமர்த்தி, தாமும் இயன்றபோது கற்பித்தார்.

அந்த முயற்சியைப் பற்றிக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் ஒளிவின்றி எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்கு வேண்டிய நேரத்தைத் தம்மால் ஒதுக்க இயலவில்லை என்பதையும், முறையான ஏட்டுக்கல்வி கிடைக்கவில்லை என்னும் குறை புதல்வர்களுக்கு இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. தந்தைக்கும் மூத்த மகன் ஹரிலாலுக்கும் இடையே வளர்ந்த கசப்புக்கு இதுவும் ஒரு காரணம். தந்தையின் கொள்கை எத்துணை உயர்ந்ததாயினும், வளர்ந்த மகன் வேலைக்கும் மேற்படிப்புக்கும் கையில் ஒரு சான்றிதழோடு செல்ல வேண்டியிருக்கிறது. இல்லவழிக் கல்வியைப் பற்றிய இன்றைய கேள்விகளும் இவையே: யார் நேரம் தருவார்? எந்தச் சான்றிதழ் கிடைக்கும்? இவற்றோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: குடும்ப வரவு செலவு அதைத் தாங்குமா?

இன்று இவ்வழியைத் தேர்வோர் ஒரே வகையினர் அல்லர். ஆண்டுதோறும் ஊர் மாறும் பணியில் உள்ளோர், நாள்தோறும் பல மணி நேரம் விளையாட்டிலோ இசையிலோ பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோர், பள்ளியில் கேலிக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளான குழந்தையை மீட்க விரும்புவோர், கற்றலில் தனிக்கவனம் தேவைப்படும் பிள்ளையை உடையோர், மனப்பாடக் கல்வியில் நம்பிக்கை இழந்தோர் எனப் பலரும் உண்டு. காரணம் எதுவென்று குடும்பத்துக்குள் தெளிவாக வரையறுத்துக்கொள்வது பயன் தரும். பள்ளியின் மீதுள்ள சினம் மட்டுமே காரணமாயின், வேறொரு பள்ளியைத் தேடுவதே பல நேரங்களில் எளிய வழியாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அவ்வயதுக் குழந்தைக்குக் கல்வி வாய்ப்பை அளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவும் அதே திருத்தம் சேர்த்தது. இதனைச் செயற்படுத்த இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், 2009, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அவ்வாறு சேர்க்காத பெற்றோருக்கு எந்தத் தண்டனையையும் அச்சட்டம் விதிக்கவில்லை. இல்லவழிக் கல்வி என்ற பெயரில் ஓர் ஏற்பும் அதில் இல்லை, வெளிப்படையான தடையும் இல்லை. இந்த இடைவெளியில்தான் இந்தியாவின் இல்லவழிக் கல்விக் குடும்பங்கள் இயங்கி வருகின்றன. இதனை உரிமை என்று கருதி மெத்தனமாக இருப்பதும் குற்றம் என்று கருதி அஞ்சுவதும் பொருந்தா.

ஒரு வகையினர்க்கு மட்டும் சட்டமே வழி வகுத்துள்ளது. 2012-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, பன்முகக் குறைபாடு அல்லது கடுமையான மாற்றுத்திறன் உடைய குழந்தைகள் வீட்டில் இருந்தே கல்வி பெறுவதைத் தேர்ந்துகொள்ளலாம். இத்தகைய குழந்தையின் பெற்றோர் தம் பகுதிக் கல்வி அலுவலகத்தை அணுகி, சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் கிடைக்கும் உதவிகளைக் கேட்டறிவது நன்று.

மற்றொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒத்த கருத்துடைய நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து, ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஆசிரியரை அமர்த்தி, நாள்தோறும் பிள்ளைகளை அங்கே அனுப்பினால் அது அங்கீகாரமற்ற பள்ளியாகக் கருதப்படலாம். அவ்வாறு பள்ளி நடத்துவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் வரையும், தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில் இடமுண்டு. பெற்றோர் தம் பிள்ளைக்குக் கற்பிப்பது வேறு, கட்டணம் பெற்றுப் பிறர் பிள்ளைகளைச் சேர்ப்பது வேறு.

சான்றிதழுக்கான பாதை

இல்லவழிக் கல்வியில் பெரும்பாலோர் நாடுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை. என்.ஐ.ஓ.எஸ். என்ற சுருக்கப் பெயரால் அனைவரும் அறிந்த இந்நிறுவனம், மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் கீழ் 1979-இல் ஒரு முன்னோடித் திட்டமாகத் தோன்றி, 1989-இல் தனி அமைப்பாக உருப்பெற்றது. மைய அரசின் கல்வி அமைச்சகத்தைச் சார்ந்தது ஆதலால் இதன் சான்றிதழ்கள் மற்ற வாரியங்களின் சான்றிதழ்களுக்கு இணையானவை.

பத்தாம் வகுப்புக்கு இணையான இடைநிலைத் தேர்வுக்குக் குறைந்தது 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான மேல்நிலைத் தேர்வுக்குக் குறைந்தது 15 வயதும் நிறைந்திருக்க வேண்டும். மேல்நிலையில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கும் மேல்நிலைச் சான்றிதழுக்கும் இடையே பொதுவாக இரண்டு ஆண்டு இடைவெளி எதிர்பார்க்கப்படுகிறது. ஆகையால் இரண்டையும் விரைந்து முடித்துவிடலாம் என்ற எண்ணத்துடன் திட்டமிடுவது வீண். ஐந்து பாடங்களில் தேர்ச்சி தேவை, அவற்றுள் ஒன்றேனும் மொழிப்பாடமாக இருத்தல் வேண்டும். பொதுத்தேர்வு ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல்-மே மாதங்களிலும் அக்டோபர்-நவம்பர் மாதங்களிலும் நடைபெறுகிறது. பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகளில், பாடம் பாடமாகவும் எழுதித் தேறலாம். ஆயத்தமான பாடத்தை வேண்டும்போது எழுதும் 'ஆன் டிமாண்ட்' தேர்வு முறையும் உண்டு. மும்பையிலோ தில்லியிலோ வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர்க்கு ஒரு செய்தி: இங்கே தமிழை ஒரு மொழிப்பாடமாகவே எடுத்துப் படிக்கலாம். அருகிலுள்ள பள்ளிகளில் அவ்வாய்ப்பு இல்லாத குடும்பங்களுக்கு இது சிறு பொருளன்று.

பாடத்தேர்வில் உள்ள இந்த உரிமையே கவனக்குறைவுக்கும் இடம் தருகிறது. பத்தாம் வகுப்பு நிலையில் கணிதத்தையோ அறிவியலையோ எடுக்காமலே ஐந்து பாடங்களை நிறைவு செய்ய இயலும். ஓவியத்திலும் மனையியலிலும் மகிழ்ந்து தேறிய பிள்ளை, பதினேழு வயதில் பொறியியல் பட்டயப் படிப்பை விரும்பினால் கதவு அடைபட்டிருக்கும். பிள்ளையின் நாட்டம் எதுவாயினும், பத்தாம் வகுப்பில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் ஆகிய மூன்றையும் விடாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்பது இக்கட்டுரையாசிரியரின் கருத்து. மேல்நிலையில் ஐந்து பாடங்களுடன் தேறியோர் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை எழுதத் தகுதி உடையவர்கள். மருத்துவத்துக்கான நீட் தேர்வில் திறந்தநிலைப் பள்ளி மாணவர்களின் தகுதி பற்றிப் பல ஆண்டுகளாக நடந்த வழக்கும் 2024-இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்களுக்குச் சாதகமாகத் தெளிவடைந்தது. செய்முறைப் பயிற்சியை மட்டும் ஏட்டளவில் முடித்துவிட எண்ணலாகாது. ஆய்வகமில்லாத வீட்டில் வேதியியலுக்கு என்ன ஏற்பாடு என்பதை, சேரும் கல்வி மையத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிய வேண்டும்.

பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு எந்தத் தேர்வும் கட்டாயமில்லை. ஆயினும் 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு இணையாக ஏ, பி, சி என மூன்று நிலைகளில் திறந்தநிலை அடிப்படைக் கல்வித் திட்டம் உள்ளது. இவற்றுள் எட்டாம் வகுப்புக்கு இணையான நிலையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அதன் அருமை ஒரு சூழ்நிலையில் தெரியும். 14 வயது வரை, பள்ளிக்குச் செல்லாதிருந்த குழந்தையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது எட்டாம் வகுப்பு வரை திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நிலைமை வேறு. வாரியத்தின் பதிவு அவ்வகுப்பில் தொடங்குவதால், அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் எட்டாம் வகுப்பு முடித்ததற்கான சான்றைப் பள்ளிகள் கேட்கும். எனவே பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதாகும்போது குடும்பம் ஒருமுறை அமர்ந்து பேசிவிட வேண்டும்: திறந்தநிலைப் பள்ளி வழியே தொடர்வதா, ஒன்பதாம் வகுப்புக்கு முன் வழக்கமான பள்ளிக்குத் திரும்புவதா என்று. இப்பேச்சில் பிள்ளைக்கும் இடம் வேண்டும். நண்பர் கூட்டத்தை நாடும் பருவம் அது. எட்டு வயதில் வீட்டை விரும்பிய பிள்ளை பதின்மூன்றில் பள்ளியை விரும்பக்கூடும்.

கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு வாரியங்களின் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவோரும் உளர். அதற்குத் தேர்வு மையமாக உள்ள பள்ளியொன்று இசைய வேண்டும், கட்டணமும் பல மடங்கு மிகுதி. இந்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கும் இணைத்தன்மைச் சான்று தேவைப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்தில் வங்கி என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. வாரியம் என்று பெயர் சூட்டிக்கொண்டு, படிக்காமலே பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெற்றுத் தருவதாகச் சொல்லும் போலி அமைப்புகள் நாட்டில் உள்ளன. உண்மையான வாரியத்தின் பெயரைப் போன்றே ஒலிக்கும் பெயரும், அரசு முத்திரையைப் போன்ற சின்னமும் அவற்றுக்கு இருக்கும். பள்ளிக் கல்வி வாரியங்களின் மன்றமான கோப்சே அமைப்பின் உறுப்பினர் பட்டியலில் அப்பெயர் உள்ளதா என்று பார்த்த பின்னரே ஒரு ரூபாயேனும் செலுத்துக. என்.ஐ.ஓ.எஸ். கட்டணத்தை அதன் சொந்த இணையதளத்தின் வாயிலாகவே செலுத்த இயலும். முகவர் ஒருவர் தம் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னால், அப்பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நன்று.

குடும்பத்தின் வரவு செலவு

பள்ளிக் கட்டணம் மிச்சம் என்று கருதி இவ்வழிக்கு வருவோர் ஏமாற்றமடைவர். பாடநூல்களுக்குச் செலவு ஏறத்தாழ இல்லை: என்.சி.இ.ஆர்.டி. நூல்கள் இணையத்தில் இலவசம், தீக்ஷா செயலியும் ஸ்வயம் தளமும் பி.எம். இ-வித்யா தொலைக்காட்சி அலைவரிசைகளும் கட்டணமற்றவை. உண்மையான செலவு, வீட்டில் இருக்கப்போகும் பெற்றோரின் ஊதிய இழப்பு.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கணவருக்கு மாதம் 70,000 ரூபாய், மனைவிக்கு 45,000 ரூபாய் ஊதியம். ஒரு குழந்தை. பள்ளிக் கட்டணமும் வேன் செலவும் சேர்ந்து ஆண்டுக்கு 1,44,000. மனைவி பணியை விட்டால் ஆண்டுக்கு 5,40,000 ரூபாய் குறைகிறது. பள்ளிச் செலவும், அவர் அலுவலகம் சென்றுவரும் செலவும், மாலைநேரக் குழந்தைக் காப்பகக் கட்டணமுமாக 2,04,000 மிச்சமாகிறது என்று கொள்வோம். நூல்கள், நீச்சல் வகுப்பு, நூலகம், அருங்காட்சியகம், பயணம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 60,000 புதிதாகச் சேர்கிறது. கூட்டிக் கழித்தால் ஆண்டுக்கு 3,96,000, அதாவது மாதம் 33,000 ரூபாய் பற்றாக்குறை. தாய் விடுகிறாரா தந்தை விடுகிறாரா என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். யார் விடுவது என்பது ஏன் எப்போதும் ஒரே பக்கமாகவே முடிவாகிறது என்ற கேள்வியையும் குடும்பங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

கண்ணுக்குத் தெரியாத இழப்புகளும் உண்டு. ஊழியர் வருங்கால வைப்புநிதியில் இருவர் பங்களிப்பும் நின்றுவிடும். ஐந்தாண்டுப் பணி நிறைவுக்குச் சில மாதங்களே இருந்தால், பணிக்கொடைத் தகுதி பெறும்வரை காத்திருப்பது பயன் தரும். நிறுவனம் அளித்துவந்த குழு மருத்துவக் காப்பீடு முடிவுக்கு வரும். விலகல் கடிதம் தருவதற்கு முன்னரே தனிக் காப்பீடு எடுத்துவிட வேண்டும், ஏனெனில் சில நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. ஒருவர் ஊதியத்தையே நம்பி வீடு நடக்கும்போது அவர் பெயரிலுள்ள ஆயுள் காப்பீட்டுத் தொகையும் உயர வேண்டும். வீட்டுக்கடன் இருவர் வருவாயையும் கணக்கிட்டு வழங்கப்பட்டதாயின், ஒருவர் வருவாயில் மாதத் தவணை எத்தனை பங்கு என்று பார்க்க வேண்டும். கடினமெனத் தோன்றினால், தவணை தவறுவதற்கு முன்னரே கிளைக்கு வந்து பேசுவது சாலச் சிறந்தது. தவறிய பின் வங்கிக்கும் வழிகள் குறைவு.

வருமான வரியிலும் ஒரு வேறுபாடு உள்ளது. பழைய வரிமுறையில், இரு பிள்ளைகள் வரை, பள்ளி போன்ற கல்வி நிறுவனத்துக்கு முழுநேரக் கல்விக்காகச் செலுத்திய பயிற்றுக் கட்டணத்துக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வரம்புக்குள் கழிவு கிடைக்கிறது. வீட்டுக்கு வரும் ஆசிரியருக்குத் தரும் ஊதியத்துக்கோ தனிப்பயிற்சிக் கட்டணத்துக்கோ அக்கழிவு இல்லை. மைய அரசு ஊழியர் பெறும் குழந்தைகள் கல்விப்படியும் பள்ளித் தலைவரின் சான்றை அடிப்படையாகக் கொண்டது.

இவை அனைத்தையும் ஏட்டில் கணக்கிடுவதைவிட நம்பத்தக்க சோதனை ஒன்று உண்டு. பணியை விடுவதற்கு முன் ஆறு மாதம், விடப்போகிறவரின் ஊதியம் முழுவதையும் தொடர் வைப்பில் இட்டுவிட்டு, மற்றவர் ஊதியத்தில் மட்டும் வாழ்ந்து பார்க்கலாம். முடிந்தால் கையில் ஆறு மாத ஊதியம் அவசரநிதியாக நிற்கும். முடியாவிட்டால், பிள்ளையைப் பள்ளியிலிருந்து எடுக்கும் முன்னரே அது தெரிந்துவிடும்.

நாள் எப்படி நகரும்?

பள்ளியின் கால அட்டவணையை அப்படியே வரவேற்பறையில் விரித்து வைப்போர் விரைவில் களைத்துப்போகின்றனர். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு பாடவேளையில் நடப்பதை, ஒரே பிள்ளையுடன் அதனினும் குறைந்த நேரத்தில் முடித்துவிடலாம். தொடக்கநிலைப் பிள்ளைக்கு நாளில் இரண்டு மூன்று மணி நேர ஊன்றிய படிப்பு போதுமானது. எஞ்சிய நேரம் விளையாட்டுக்கும் வாசிப்புக்கும் கைவேலைக்கும் உரியது. பள்ளியிலிருந்து அண்மையில் விலகிய பிள்ளைக்கு முதற்சில வாரங்கள் பாடமே வேண்டாம் என்று இத்துறையில் பழகியோர் கூறுவர். அஞ்சிய மனம் ஆறுவதற்குக் காலம் வேண்டும்.

தோழமை இல்லாமல் பிள்ளை தனித்துப் போகுமோ என்பது உற்றார் எழுப்பும் முதற்கேள்வி. அதனைப் புறக்கணிக்க இயலாது. உடன்பிறந்தோர் இல்லாத ஒற்றைப் பிள்ளைக்கு, நாள்தோறும் பிற பிள்ளைகளைச் சந்திக்கும் ஓர் இடம், விளையாட்டுத் திடலோ இசை வகுப்போ, பாடத்துக்கு நிகரான தேவையாகும். இந்திய இல்லவழிக் கல்விக் குடும்பங்களின் சங்கமான ஸ்வசிக்ஷண் வாயிலாகப் பிற குடும்பங்களின் அனுபவத்தை அறியலாம்.

எதைச் செய்தாலும் பதிவு வைத்திருத்தல் இன்றியமையாதது. நாள், படித்த நூல், செய்த கணக்கு, சென்ற இடம் என நாளுக்கு இரண்டு வரி போதும். மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையின் கையெழுத்துத் தாள்களில் நான்கைந்தை எடுத்துக் கோப்பில் சேர்க்கலாம். பிற்காலத்தில் பள்ளி முதல்வர் ஒருவர், இத்தனை ஆண்டு பிள்ளை என்ன செய்தது என்று கேட்டால், எடுத்து நீட்டத்தக்க விடை அக்கோப்புதான்.

ஆவணங்களும் வங்கிக் கணக்கும்

பள்ளியிலிருந்து விலகும்போது மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் அட்டைகளையும் மறவாமல் பெற்றுக்கொள்க. மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதற்காக வேறொரு பள்ளி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்க இயலாது. ஆனால் பின்னாளில் தேடி அலைவதைவிட அன்றே வாங்குவது எளிது.

பள்ளி அடையாள அட்டை இல்லாத பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழே முதன்மையான ஆவணம். 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டத்தின்படி, அன்றும் அதன் பின்னரும் பிறந்தோர்க்குப் பிறந்த நாளை மெய்ப்பிக்கும் சான்று அதுவே. அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்கும், பெயரும் பெற்றோர் பெயரும் எழுத்துப் பிழையின்றி அதில் பதிவாகியுள்ளனவா என்று இப்போதே பார்த்துவிடுவது நலம். ஆதாரில் ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் செய்ய வேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பித்தலைப் பள்ளி முகாம்களில் பலர் செய்துவிடுவர். வீட்டில் பயிலும் பிள்ளையைப் பெற்றோரே மையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

பெண்குழந்தைக்குப் பத்து வயது நிறைவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். பதினெட்டு வயது நிறைந்ததும், அல்லது அதற்கு முன்னரே பத்தாம் வகுப்புத் தேறியதும், உயர்கல்விக்காக முந்திய நிதியாண்டின் இறுதி இருப்பில் பாதி வரை எடுக்க இயலும். பத்தாம் வகுப்பை எழுதாமலே வளரும் பிள்ளைக்கு இவ்விதியில் முதல் வாயிலே பொருந்தும் என்பதை நினைவிற்கொள்க. பிற்காலத்தில் கல்விக்கடன் கோரும்போதும், வங்கி பார்ப்பது கல்லூரிச் சேர்க்கைக் கடிதத்தையும் மேல்நிலை மதிப்பெண் பட்டியலையும்தான். பட்டியலை வழங்கியது திறந்தநிலைப் பள்ளியா வழக்கமான பள்ளியா என்பது கடனுக்கு வேறுபாடு தருவதில்லை, வழங்கிய வாரியம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் போதும்.

பத்து வயது நிறைந்த சிறார் தம் பெயரில் சேமிப்புக் கணக்கைத் தொடங்கித் தாமே இயக்க ரிசர்வ் வங்கி இடமளித்துள்ளது. எவ்வளவு தொகை வரை என்பதை அந்தந்த வங்கி வகுக்கும். கணக்கில் இருப்புக்கு மேல் எடுக்க இயலாது. இல்லவழிக் கல்விப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்குப் பாடநூல் அரிது. மாத நூல்செலவை அப்பிள்ளையின் கணக்கில் இட்டு, எதை வாங்குவது, எவ்வளவு மிச்சம், காலாண்டு வட்டி எப்படிக் கணக்கிடப்பட்டது என்பனவற்றை அதுவே எழுதி வைக்கட்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பெற்றோர் ஒருவரின் அடையாள ஆவணங்கள், இரண்டு ஒளிப்படம் ஆகியவற்றுடன் பிள்ளையையும் அழைத்து வருக. படிவத்தைப் பிள்ளையே நிரப்பலாம்.